தெளிந்த நீரில் பாஸ் மீனுக்கு ஸ்பின்னர்பெய்ட்: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, அமெரிக்கா-கனடா எல்லையிலுள்ள செயின்ட் கிளேர் ஏரியில் ஸ்மால்மவுத் பாஸ் மீன் படகு வரைக்கும் ஸ்பின்னர்பெய்ட் பின்னாலேயே வருது, கடிக்காமல் திரும்பிடுது. கலங்கல் குளத்தில் இதே லூரில் (செயற்கை இரையில்) நன்றாக மாட்டியது.

பதில்: ஸ்பின்னர்பெய்ட் என்பது வளைந்த கம்பி; மேல் கம்பியில் சுழலும் உலோகத் தகடுகள் (பிளேடு), கீழே கனமான தலை, ஹூக், அதை மூடும் இழைக் குஞ்சம் (ஸ்கர்ட்). கலங்கல் தண்ணீரில் மீன் அதிர்வை வைத்துத் தேடி வரும், அதனால் பெரிய, உருண்டையான கொலராடோ பிளேடு எடுபடும். செயின்ட் கிளேரில் 1988-இல் ஜீப்ரா மட்டியைக் கண்டுபிடித்தார்கள். அது பெருகித் தண்ணீரை வடிகட்டியதில் ஏரி நன்றாகத் தெளிந்துவிட்டது. மீன் தூரத்திலிருந்தே லூரைப் பார்த்துவிடும். மெதுவாக இழுத்தால் அது நிதானமாக உற்றுப் பார்த்துச் சந்தேகப்படும். அந்த அவகாசத்தைக் கொடுக்காதீர்கள் தம்பி. 7:1 ரீலில் (கைப்பிடி ஒரு சுற்றுக்கு நூல் உருளை ஏழு சுற்று) வேகமாகச் சுற்றுங்கள். லூர் ஓரடி ஆழத்தில் ஓடட்டும், பிளேடு மேலே எட்டிப் பார்க்கக் கூடாது. மீன் பின்னால் வருவது தெரிந்தால் ஒரு நொடி நிறுத்தி, உடனே இரண்டு சுற்று வேகமாகச் சுற்றுங்கள். பெரும்பாலும் அந்த இடத்தில்தான் அடிக்கும்.

காற்று முக்கியம். அலை மோதும் கரையாகப் பாருங்கள். காற்றே இல்லாத வெயில் மதியத்தில் வேறு லூர் கட்டுவதே மேல்.

கேள்வி: பிளேடு எந்த வகை, எந்த நிறம்?

பதில்: இரண்டுமே வில்லோ லீஃப். அளவு எண், முன்னால் 3.5 அல்லது 4, பின்னால் 4 அல்லது 4.5. ஒல்லியான இலை வடிவம் தண்ணீரை அதிகம் தள்ளாது, அதனால் வேகமாக இழுத்தாலும் லூர் மேலே ஏறாது. வெயிலுக்கு வெள்ளிபோல மின்னும் நிக்கல். மேகமூட்டத்தில் நிக்கலுக்குப் பளபளக்க வெளிச்சம் இருக்காது, அப்போது வெள்ளைப் பெயின்ட் அடித்த பிளேடு நன்றாகத் தெரியும். பின் பிளேடு ஸ்பிளிட் ரிங்கில் (சாவி வளையம் போன்ற சிறு வளையத்தில்) இருந்தால் ஏரியிலேயே மாற்றிவிடலாம்.

கேள்வி: வேகமாக இழுத்தால் லூர் பக்கவாட்டில் சாய்கிறது சார்.

பதில்: முதலில் நேர் எதிரே பிடித்துப் பாருங்கள். மேல் கம்பி ஹூக்குக்கு நேர் மேலே, ஒரே கோட்டில் இருக்க வேண்டும். ஒரு மீன் பிடித்தாலே கம்பி விலகிவிடும், கையாலேயே நேராக்கலாம். நேராக இருந்தும் சாய்ந்தால் தலைக்குப் பிளேடு பெரிது. பிளேடை ஒரு அளவு குறையுங்கள், அல்லது தலை எடையில் 3/8 அவுன்ஸிலிருந்து 1/2 அவுன்ஸுக்குப் போங்கள். லூரை ஸ்னாப்பில் (திறந்து மூடும் சிறு கொக்கியில்) மாட்ட வேண்டாம். நூல் கட்டும் கம்பி வளைவு திறந்திருந்தால் ஸ்னாப் மேலே வழுக்கி ஏறிச் சிக்கும். 15 பவுண்டு ஃப்ளூரோகார்பன் நூலை வளைவிலேயே நேராக முடிச்சுப் போடுங்கள்.

கேள்வி: ஸ்கர்ட்டை வெட்டலாமா?

பதில்: கட்டாயம் வெட்டுங்கள். ஹூக் வளைவுக்கு அப்பால் அரை அங்குலம் விட்டால் போதும். கத்தரியை நேராக வைக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற இறக்கமாக நறுக்குங்கள். இழைகளிலும் பாதியை உருவிவிடலாம். நிறம், ஒளி ஊடுருவும் சிலிகான்: சாம்பல், வெளிர் பச்சை, கொஞ்சம் வெள்ளை. அங்குள்ள ஷைனர் பொடிமீன் அந்தச் சாயல்தான்.

கேள்வி: மீன் லூரின் வாலை மட்டும் கவ்விவிட்டுத் தப்பிக்கிறது.

பதில்: டிரெய்லர் ஹூக் போடுங்கள், அதாவது முதல் ஹூக்கின் பின்னால் மாட்டும் கூடுதல் ஹூக். அதன் கண்ணை (துளையை) மூடும்படி சிறு ரப்பர் குழாய்த் துண்டை மாட்டி, குழாயோடு சேர்த்து முதல் ஹூக்கின் எதிர்முள்ளைத் தாண்டி ஏற்றுங்கள். முனை மேல்நோக்கி இருக்கட்டும். குழாய் இல்லாமல் மாட்டினால் ஹூக் சுற்றித் திரும்பும், கழன்றும் போகும். பாசி அடர்ந்த இடத்தில் மட்டும் எடுத்துவிடுங்கள்.