எண்ணெயை நிறுத்தியும் ட்ரைகிளிசரைடு ஏன் குறையவில்லை?

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. மூன்று ஆண்டுகளாக டைப் 1 சர்க்கரை நோய். ரத்தக் கொழுப்பான ட்ரைகிளிசரைடு 340, மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 10.8. இரண்டு மாதமாக எண்ணெயே சேர்க்காமல் சமைக்கிறேன். மறுபடி பார்த்தபோதும் குறையவில்லை. ரத்தத்தில் கொழுப்பு அமிலத்தைத் தனியாகப் பார்க்கவேண்டுமா? மீன் எண்ணெய் மாத்திரை கொடுக்கலாமா?

பதில்: 340-ஐ விட அந்த 10.8தான் எனக்குக் கவலை தருகிறது. சமையலை விடுங்கள், முதலில் இன்சுலினைப் பாருங்கள்.

இன்சுலினைச் சர்க்கரை மருந்தாகவே பேசிப் பழகிவிட்டோம். கொழுப்புத் திசுவிலிருந்து கொழுப்பு அமிலங்கள் அளவுக்கு மீறி வெளியேறாமல் பிடித்து வைப்பதும் அதுதான். இன்சுலின் போதாதபோது, சேர்த்து வைத்த கொழுப்பு உடைந்து அமிலங்களாக ரத்தத்தில் இறங்குகிறது. கல்லீரல் அதில் ஒரு பகுதியைத் திரும்ப ட்ரைகிளிசரைடாக்கி ரத்தத்துக்கே அனுப்பும். பற்றாக்குறை முற்றினால் கீட்டோன் என்னும் அமிலப் பொருளாக மாற்றும், அது ரத்தத்தில் தேங்கினால் ஆபத்து. ரத்தக்குழாய்களில் ட்ரைகிளிசரைடை உடைத்து அகற்றும் நொதிக்கும் இன்சுலின் தேவை. தட்டில் எண்ணெய் இல்லாமலே அளவு ஏறுவது இதனால்தான்.

கொழுப்பு அமிலப் பரிசோதனை வேண்டாம். சாப்பாடு, பட்டினி, ஓட்டம், ஊசி பயம் என எதற்கும் சில நிமிடங்களில் மாறிவிடும் அளவு அது. அதை வைத்து எந்த மருத்துவரும் மருந்தை மாற்றப்போவதில்லை. அந்தப் பணத்தில் ரத்தக் கீட்டோன் பட்டை வாங்கிவையுங்கள். 0.6 மில்லிமோலுக்குக் கீழ் இருந்தால் பயமில்லை, 1.5-ஐத் தாண்டினால் மருத்துவரை உடனே அழையுங்கள். 3-ஐத் தொட்டால் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

இனி மகளின் ஊசி. 11 வயதில் போதுமாக இருந்த அளவு இப்போது போதாது. பருவ வயதின் ஹார்மோன்கள் இன்சுலினை மட்டுப்படுத்தும். சிலருக்கு நாளுக்கு ஒரு கிலோ எடைக்கு ஒரு யூனிட்டுக்கு மேலும் தேவைப்படும். வயிற்றிலும் தொடையிலும் ஊசி போடும் இடங்களை விரலால் அழுத்தித் தடவுங்கள். ரப்பர் போலத் தடித்திருந்தால் அங்கே போடும் மருந்து சரியாக உறிஞ்சப்படாது. ஊசியைத் தவறவிடுகிறாளா என்றும் கேளுங்கள். திட்டாமல் கேட்டால்தான் உண்மை வரும். டைப் 1 உள்ளவர்களிடம் தைராய்டு குறைபாடு அதிகம், அதுவும் கொழுப்பை ஏற்றும். தைராய்டு பரிசோதனையான டி.எஸ்.எச். பார்த்து நாளாகியிருந்தால் இப்போதே பாருங்கள். சர்க்கரை கட்டுக்குள் வந்து சில வாரங்கள் கழித்து லிப்பிட் (ரத்தக் கொழுப்பு) பரிசோதனையைத் திரும்ப எடுங்கள். பெரும்பாலானோருக்கு அப்போதே ட்ரைகிளிசரைடு இறங்கியிருக்கும்.

எண்ணெயை அளவோடு திரும்பச் சேருங்கள். வளரும் பிள்ளைக்குக் கொழுப்பு வேண்டும். அதை நிறுத்தி மாவுச்சத்தைக் கூட்டினால் இன்சுலின் தேவையும் கூடும். மீன் எண்ணெய் மாத்திரை இப்போதைக்கு வேண்டாம். ட்ரைகிளிசரைடைக் குறைக்க, மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா 3 கொழுப்பு நாளுக்கு 2 முதல் 4 கிராம் வரை தேவைப்படும். கடையில் கிடைக்கும் சாதாரண மாத்திரை ஒன்றில் அதில் சிறு பங்குதான் இருக்கும். இன்சுலின் சரியான பிறகும் அளவு இறங்காவிட்டால் மருத்துவர் முடிவு செய்யட்டும். ட்ரைகிளிசரைடு 500-ஐத் தாண்டினால் காத்திருக்கக் கூடாது. கணைய அழற்சிக்கு வாய்ப்புண்டு.

ஒன்றை மட்டும் வீட்டில் எல்லோரும் தெரிந்துவைத்திருங்கள்: காய்ச்சல், வாந்தி என்று அவள் சாப்பிடாத நாளிலும் நீண்டநேரம் வேலை செய்யும் இன்சுலினை நிறுத்தக் கூடாது.