மொழியால் ஒதுக்கப்படுகிறேனா?

அன்புள்ள அம்மாவுக்கு,

அம்பாசமுத்திரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து பெங்களூருக்கு வந்து, ஒரு சிறிய சரக்கு விமான நிறுவனத்தில் நான்கு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். எங்களிடம் இருப்பவை இரண்டு ஏடிஆர் விமானங்களும் முப்பத்தைந்து ஆட்களும்தாம். எந்தப் பொதி எங்கே ஏற வேண்டும், விமானத்தின் சமநிலை வரம்புக்குள் நிற்கிறதா என்று கணக்கிட்டு லோடு ஷீட் தயாரிப்பது என் பணி. அதில் கேப்டன் கையெழுத்திடாமல் விமானம் புறப்படாது. அப்படிப்பட்ட பொறுப்பில் இருந்தும் என்னை அங்கே யாரும் மதிப்பதில்லை.

மேலாளர்கள் வடக்கத்தியர், விமானிகளில் பாதிப் பேர் மலையாளிகள். இரவு ஒரு மணிக்குச் சாப்பிட உட்காரும்போது இவர்கள் இந்தியிலும் அவர்கள் மலையாளத்திலும் பேசிச் சிரிக்கிறார்கள். நான் போனால் பேச்சு நின்றுவிடுகிறது. சென்னைக்காரர் ஒருவர், நான் நெல்லைக்காரன் என்று தெரிந்ததிலிருந்து, லோடு ஷீட்டைக் காட்டி, "அண்ணாச்சி, மளிகைக் கணக்கு முடிந்ததா?" என்று கேட்கிறார். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. பதவி உயர்வும் எனக்குப் பின்னால் சேர்ந்தவருக்குப் போயிற்று. இந்தி தெரியாததுதான் எல்லாவற்றுக்கும் காரணம். சென்ற ஆண்டு சுமை ஏற்றும் வேலைக்குக் களக்காட்டுப் பையன் ஒருவன் சேர்ந்தான். ஊர்ப் பேச்சைக் கேட்டதும் எனக்கு மகிழ்ச்சி, அவனும் அண்ணாச்சி, அண்ணாச்சி என்று ஒட்டிக்கொண்டான், ஊரில் எந்தத் தெரு என்று கேட்டேன், சொன்னான், அதன்பின் எங்களுக்குள் அவ்வளவாகப் பேச்சில்லை, இப்போது 'சார்' என்கிறான். என்னைவிட இந்தி குறைவாகத் தெரிந்த அவனைக்கூடத் தங்கள் மேசையில் சேர்த்துக்கொண்டார்கள். அது போகட்டும். தூத்துக்குடி வாகைக்குளத்தில் 2025இல் புதிய முனையம் திறந்திருக்கிறார்களே, அங்கே வேலை தேடலாமா? சொந்த மண்ணில் இந்த அவமானம் இருக்காது அல்லவா?

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாம் முறை 'அது போகட்டும்' என்ற இடத்தில் நின்றுவிட்டேன். அதைப் போகவிட எனக்கு மனமில்லை.

உடனிருப்பவருக்குப் புரியாத மொழியில் பேசிச் சிரிப்பதும், பெயர் வைத்துக் கேலி செய்வதும் நாகரிகக் குறைவுதான். அதில் நியாயம் உங்கள் பக்கம். ஆனால் மொழிதான் உங்களை விலக்கியது என்றால், உங்களைவிடக் குறைவாக இந்தி தெரிந்தவருக்கு அந்த மேசையில் எப்படி இடம் கிடைத்தது? உங்கள் வாதத்தை உடைக்கும் செய்தியை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதைச் சொல்லாமல் இருக்க உங்கள் மனத்தால் முடியவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

பாளையங்கோட்டையில் இருக்கும் எனக்கு 'எந்தத் தெரு' என்பதை விளக்க வேண்டியதில்லை. நம் மாவட்டத்தில் அது முகவரி கேட்கும் கேள்வியன்று. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவரை அதே பள்ளி மாணவர்கள் வீடு புகுந்து வெட்டியதை அடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை மாணவர்கள் கையில் கட்டக் கூடாது என்று பரிந்துரைத்தது. கயிறு கட்டும் வயதைத் தாண்டியவர்களுக்கு அந்த வேலையை இந்தக் கேள்வி செய்து கொடுக்கிறது.

நீங்கள் 'பையன்' என்று எழுதிய அந்த இளைஞர் உங்களிடம் சண்டைக்கு வரவில்லை. 'அண்ணாச்சி'யைச் 'சார்' ஆக்கிக்கொண்டார், அவ்வளவுதான். அந்த அலுவலகத்தில் அச்சொல்லைப் பாசத்தோடு சொன்ன ஒரே குரலை நிறுத்தியவர் நீங்கள். மிஞ்சியிருப்பது கேலி மட்டும். அந்த மேசையை நெருங்கும்போதெல்லாம் நடந்ததை அவர் மற்றவர்களிடம் சொல்லியிருப்பாரோ என்ற கூச்சமும் உங்களுடன் சேர்ந்தே வருகிறது என்று நினைக்கிறேன். பேச்சு நிற்பது எப்போதும் அவர்களால்தானா, உங்கள் முகத்தைப் பார்த்தா என்று ஒருமுறை கவனியுங்கள்.

வாகைக்குளத்தில் வேலை கிடைத்தால் தாராளமாகப் போங்கள். ஆனால் அங்கே உடன் வேலை பார்ப்பவர்களில் பலருக்கு உங்கள் தெருவும் தெரிந்திருக்கும்.

பதவி உயர்வு தனி விஷயம். மறுக்கப்பட்ட காரணத்தை மேலாளரிடம் எழுத்தில் கேளுங்கள். அந்த இளைஞரிடம் நீண்ட மன்னிப்புப் படலம் வேண்டாம். உங்கள் மனச்சுமையை இறக்கும் வேலையையும் அவரிடமே கொடுத்துவிடாதீர்கள். அன்று அப்படிக் கேட்டது தவறு என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு, அடுத்த இரவு அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். அவர் தொடர்ந்து 'சார்' என்றே அழைக்கலாம். அது அவர் விருப்பம்.