செந்நாய் கொடூரமான விலங்குதானே? முதுமலைப் பக்கம் போனால் ஆட்களைத் தாக்குமா?

புள்ளிமான் நின்றுகொண்டிருக்கும்போதே செந்நாய்கள் வயிற்றைக் கிழிக்கிற வீடியோ ஏதாவது உங்களுக்கு வந்திருக்கும். குடும்பத்தோடு வர ரூமும் போட்டிருப்பீர்கள், இப்போது வயிற்றைக் கலக்குகிறது. சரி, முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன்: பயப்பட வேண்டாம். முதுமலையை ஒட்டிய மசினகுடியில் பிறந்து அங்கேயே ஜீப் ஓட்டிப் பிழைக்கிறவன் நான். செந்நாய் கடித்து ஆஸ்பத்திரிக்குப் போனார் என்று எங்கள் ஊரில் யாரைப் பற்றியும் கேள்விப்பட்டதில்லை. ஆளைக் கண்டால் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்துவிட்டுப் புதருக்குள் போய்விடும்.

கொடூரம் என்கிறீர்களே, அதைத்தான் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. ஒரு செந்நாய் 15 கிலோ இருக்கும், 20 கிலோ வந்தால் அது பெரிய நாய். அது அடிக்கிற கடமான் அதைப்போலப் பத்து மடங்கு. புலி மாதிரி கழுத்தைக் கவ்வி மூச்சை நிறுத்த அதற்கு உடம்பு ஏது? நாலைந்து சேர்ந்து துரத்தி, தொடை, வயிறு என்று கிடைத்த இடத்தில் கடித்துத்தான் சாய்க்க முடியும். சாய்த்த பிறகும் அவசர அவசரமாகத் தின்றாக வேண்டும், இல்லாவிட்டால் புலியோ சிறுத்தையோ வந்து பிடுங்கிக்கொள்ளும். மனிதனும் பிடுங்கியிருக்கிறான். தாத்தா காலத்தில் செந்நாயை விரட்டிவிட்டு அது அடித்துப் போட்ட மானில் கறி எடுத்து வருவது சாதாரணம். (இப்போது செய்தால் கேஸ். நான் செய்ததில்லை, கமென்டில் கிளம்பி வராதீர்கள்.)

ஒருமுறை மாயாறு ரோட்டை ஒட்டி, விடிந்தும் விடியாத நேரத்தில், ஒரு கூட்டம் மானை அடித்துவிட்டு நின்றது. ஆறேழு பெரிசு, கூடவே கருப்பு கலந்த பழுப்பில் குட்டிகள். பெரிசுகள் ஒதுங்கி நிற்க, குட்டிகள்தான் முதலில் தின்றன. ஒரு குட்டி குடலைக் கவ்வி இழுத்து இழுத்துப் பின்னாலேயே உருண்டது. மூக்கெல்லாம் ரத்தமாக இருந்த ஒரு பெரிசு சுற்றிலும் பார்த்துக்கொண்டே நின்று, அப்புறம் மெல்லிசாக விசிலடித்தது, புதருக்குள் இருந்து இன்னொன்று பதில் விசில் கொடுத்தது. ஓநாய் மாதிரி ஊளை கிடையாது, விசில்தான். குகையில் குட்டிகளோடு தங்கிவிட்ட நாய்க்கும் மற்றவை தின்றதைக் கக்கிக் கொடுக்கும். இவ்வளவு ஒழுங்காகப் பங்கு வைக்கிற குடும்பம் எங்கள் தெருவிலேயே குறைவு.

அன்றைக்கு ஜீப்பில் இருந்தவர்கள் என்ன கேட்டார்கள் தெரியுமா? "இது நாய்தானேங்க, புலி எங்கே?" வாடகையிலும் முந்நூறு ரூபாயைப் பிடித்துக்கொண்டார்கள், புலியைக் காட்டவில்லையாம். புலி என்ன நான் கட்டி வைத்திருக்கிற மாடா? டீசல் விற்கிற விலையில் விடிகாலை எழுந்து வருகிறவனுக்கு ஒரு ஸ்டார் வேறு போட்டுவிட்டுப் போகிறார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். "ஓநாய்க் கூட்டம்" என்று தலைப்பு வைக்கிற சேனல்களை நம்பாதீர்கள். ஓநாய்க்குக் கீழ்த்தாடையில் பக்கத்துக்கு மூன்று கடைவாய்ப்பற்கள், செந்நாய்க்கு இரண்டுதான். இனமே தனி. வெள்ளைக்காரன் காலத்தில் இதைக் கொன்றுகொண்டு வந்தால் காசு கொடுத்தார்கள், மான் வேட்டைக்குப் போட்டியாக இருக்கிறதாம். 1972-ல் வனவிலங்குச் சட்டம் வரும்வரை அந்தக் கூத்து நடந்தது. இன்றைக்கு உலகம் முழுக்க இனப்பெருக்கம் செய்யும் நிலையில் இருப்பவை 949 முதல் 2,215 வரை என்பது ஐயூசிஎன் என்ற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு 2015-ல் போட்ட கணக்கு. புலியைவிடக் குறைவு என்று சொன்னால் ஜீப்பில் யாரும் நம்புவதில்லை.

நான் வனத்துறை ஆளும் இல்லை, ஆராய்ச்சியாளரும் இல்லை, படித்தவர்கள் தப்பிருந்தால் திருத்துங்கள். ஆனால் வீடியோவை மட்டும் பார்த்துவிட்டுத் திருத்த வராதீர்கள்.

இந்த ரோட்டில் நீங்கள் பயப்பட வேண்டியது யானைக்கு. காரை நிறுத்தி இறங்காதீர்கள், மானுக்குப் பிஸ்கட் போடாதீர்கள், வீட்டு நாயைக் கூட்டி வருவதாக இருந்தால் தயவுசெய்து தடுப்பூசி போட்டுக் கூட்டி வாருங்கள். நாய்க்கு வருகிற டிஸ்டெம்பரும் வெறிநோயும் செந்நாய்க்கும் தொற்றும், ஒன்றுக்கு வந்தால் கூட்டமே போய்விடும்.