அப்பீலுக்கு வக்கீல் வரவே இல்லை, தள்ளுபடி ஆகிவிட்டது

சிறையில் இருக்கும் உங்கள் அண்ணனின் கிரிமினல் அப்பீல் வக்கீல் வராமல் தள்ளுபடி ஆனது, இனி என்ன செய்வது, பணத்துக்கு என்ன வழி என்று கேட்டிருந்தீர்கள். வக்கீல் வரவில்லை என்ற ஒரே காரணத்துக்காக உயர் நீதிமன்றம் அதைத் தள்ளியிருந்தால், அது செல்லாது என்று வாதாடலாம். 1996-ல் பானி சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: ஆவணங்களைப் படித்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஆனால் அப்படிப் படித்துவிட்டு, வக்கீல் இல்லாமலும் தீர்ப்பு சொல்லலாம் என்கிறது அதே தீர்ப்பு. அதனால் முதலில் தீர்ப்பு நகலை வாங்கிப் பாருங்கள். சாட்சியங்களை அலசியிருக்கிறார்களா, இல்லை நாலு வரியில் முடித்துவிட்டார்களா? நாலு வரி என்றால் உங்கள் பக்கம் பலம்.

கையெழுத்தான கிரிமினல் தீர்ப்பை அதே நீதிமன்றம் பொதுவாக எழுத்துப்பிழை அளவுக்குத்தான் திருத்தும். அங்கேயே சுற்றி நாளைக் கடத்தாதீர்கள். உச்ச நீதிமன்றத்தில் சிறப்பு அனுமதி மனு (உயர் நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து அப்பீல் செய்ய அனுமதி கேட்கும் மனு) போடுங்கள். கெடு 90 நாள். தாண்டியிருந்தால் தாமதத்தைப் பொறுக்கக் கோரும் மனுவும் சேர வேண்டும். பணத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். சிறையில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு, சிறை அலுவலகம் வழியாகவே விண்ணப்பிக்கலாம்.

அப்புறம், மனுவில் "வக்கீல் சரியில்லை" என்று மட்டும் எழுதினால் எடுபடாது. எந்தச் சாட்சியின் முரண்பாடு பேசப்படாமல் போனது என்று பக்க எண்ணோடு காட்டுங்கள்.