பழைய கம்ப்யூட்டரைத் தள்ளிவிடவா, லினக்ஸ் போடவா?

கேள்வி: பள்ளத்தூரில் வசிக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் நான். 2016-இல் காரைக்குடியில் வாங்கிய கம்ப்யூட்டர்: இன்டெல் ஐ3 ஆறாம் தலைமுறை பிராசசர், 4 ஜிபி ராம், விண்டோஸ் 10. கடையில் கேட்டால், "இதுல விண்டோஸ் 11 ஏறாது, புதுசு எடுத்துடுங்க சார்" என்கிறார்கள். சிங்கப்பூரில் இருக்கும் மகனோ, "செலவே வேண்டாம், லினக்ஸ் போடுங்கப்பா" என்கிறான். கட்டுரை தட்டச்சு செய்வது, மின்னஞ்சல், யூடியூப், பேங்க் கணக்குப் பார்ப்பது, இவ்வளவுதான் என் வேலை. யார் பேச்சைக் கேட்பது?

பதில்: ஐயா, லினக்ஸ் என்பது விண்டோஸைப் போலக் கம்ப்யூட்டரை இயக்கும் இலவச மென்பொருள். கடைக்காரர் சொன்னதில் முதல் பாதி உண்மை. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்குக் குறையாத பிராசசரும் வேண்டும் என்பது மைக்ரோசாஃப்ட் வைத்த விதி. உங்களுடையது ஆறு. விண்டோஸ் 10-க்கு வழக்கமான அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓடு நின்றுவிட்டது. பதிவு செய்துகொள்ளும் வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் தருவதாக அறிவித்தார்கள். இதெல்லாம் சரி. "புதுசு எடுத்துடுங்க" என்பது வியாபாரம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைக்காரர்கள்கூட 2016 சாமானைப் பழசு என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நீங்கள் சொல்லும் வேலைகளுக்கு அந்தப் பெட்டி இன்னும் சில வருஷம் தாராளமாக உழைக்கும்.

ஆகவே மகன் பேச்சைக் கேளுங்கள். 'செலவே வேண்டாம்' என்பதை மட்டும் விட்டுவிடுங்கள். மென்பொருளுக்குத்தான் காசு இல்லை. இரண்டு பொருளுக்குச் செலவழித்தால் நல்லது. ஒன்று, எஸ்எஸ்டி எனப்படும் புதுவகை டிஸ்க், 240 அல்லது 256 ஜிபி போதும். மற்றது, இன்னொரு 4 ஜிபி ராம். உங்கள் போர்டில் டிடிஆர்3 வகை ராம் ஏறுமா, டிடிஆர்4 வகை ஏறுமா என்று பார்த்து வாங்குங்கள். ஒன்று மற்றதன் இடத்தில் பொருந்தாது. இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் எஸ்எஸ்டியை எடுங்கள். பழைய கம்ப்யூட்டர் நத்தை மாதிரி நகர்வதற்குப் பாதிக் காரணம், உள்ளே சுழன்றுகொண்டிருக்கும் பழைய ஹார்டு டிஸ்க்தான்.

எஸ்எஸ்டி வாங்கச் சொல்வதற்கு வேகம் மட்டும் காரணம் இல்லை. லினக்ஸைப் புது டிஸ்கில் போட்டுவிட்டு, விண்டோஸ் இருக்கும் பழைய டிஸ்கைக் கழற்றி ஒரு உறையில் போட்டு, தேதி எழுதி, பீரோவில் வைத்துவிடலாம். ஒரு மாதம் பார்த்துவிட்டுப் பிடிக்கவில்லையா? பழைய டிஸ்கை மாட்டினால் எல்லாம் இருந்த இடத்தில் அப்படியே இருக்கும். ஒரே டிஸ்கைப் பங்கு பிரித்து விண்டோஸையும் லினக்ஸையும் சேர்த்துக் குடிவைக்கிற வழியும் உண்டு. புதிதாக மாறுகிறவர்களுக்கு நான் அதைச் சொல்வதில்லை.

காசு கொடுப்பதற்கு முன்னால் ஓட்டிப் பார்த்துவிடலாம். லினக்ஸில் எத்தனையோ வகை இருந்தாலும் விண்டோஸ் பழகிய கைக்கு லினக்ஸ் மின்ட் தோதாக இருக்கும்: இடது கீழ்மூலையில் மெனு, வலது கீழ்மூலையில் கடிகாரம். மின்ட்டின் 22 வரிசைப் பதிப்புகளுக்கு 2029 வரை அப்டேட் உண்டு. அதன் இணையதளத்தில் கிட்டத்தட்ட 3 ஜிபி கோப்பு ஒன்று இலவசமாகக் கிடைக்கும். அதை பலீனா எட்சர் போன்ற மென்பொருளால் 8 ஜிபி பென்டிரைவில் எழுத வேண்டும். வெறுமனே காப்பி செய்தால் வேலை செய்யாது. பென்டிரைவைச் செருகிக் கம்ப்யூட்டரைப் போட்டதும் எஃப்12 (சிலவற்றில் எஃப்2 அல்லது எஸ்கேப்) விசையைத் தட்டி, பென்டிரைவைத் தேர்ந்தெடுங்கள். டிஸ்கைத் தொடாமலே மின்ட் திறந்துவிடும். பென்டிரைவிலிருந்து ஓடுவதால் கொஞ்சம் மந்தமாக இருக்கும், அதை வைத்து எடைபோடாதீர்கள். பாட்டு கேட்கிறதா, பிரிண்டர் ஓடுகிறதா, இன்டர்நெட் வருகிறதா, இவற்றைப் பாருங்கள்.

பிரிண்டர் விஷயத்தில் ஜாக்கிரதை. எச்பி, எப்சனில் பெரும்பாலானவை தகராறு செய்வதில்லை. நம் ஊர்க் கடைகளிலும் வீடுகளிலும் பரவலாக இருக்கும் கேனான் எல்பிபி 2900-க்கு லினக்ஸ் டிரைவர் இருந்தாலும் அதோடு மல்லுக்கட்ட வேண்டும்.

இன்டர்நெட்டில் நம் செட்டிநாட்டுப் பக்கத்துக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. உங்கள் வீடு எப்படியோ, இங்கே பழைய வீடுகளில் மோடத்தை முகப்பில் வைத்திருப்பார்கள், கம்ப்யூட்டர் இரண்டாங்கட்டில் இருக்கும். நடுவே உள்ள கனத்த சுவரை வைஃபை தாண்டுவதே பெரும்பாடு. இதற்காக வாங்கிச் செருகும் மலிவு யூஎஸ்பி வைஃபை டாங்கிள்கள் சில, லினக்ஸில் டிரைவர் தனியாகப் போடாமல் உயிர் பெறாது. அப்புறம் "லினக்ஸில் நெட்டே வரலை" என்று பழி அதன் மேல் விழும். மோடத்திலிருந்து ஒரு கேபிளை இழுத்துவிடுங்கள், பிரச்சினை அத்தோடு போயிற்று. அதுவரை ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து 'டெதரிங்' போட்டால் நெட் வந்துவிடும்.

தமிழாசிரியர் என்பதால் தட்டச்சைப் பற்றி. என்எச்எம் ரைட்டர் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருள் பழகியிருந்தால், அது விண்டோஸுக்கானது. லினக்ஸில் ஐபஸ் என்ற தட்டச்சு மென்பொருளோடு எம்17என் என்ற விசைப்பலகைத் தொகுப்பைச் சேர்த்துக்கொண்டால் தமிழ்99, ஒலியியல் முறை, பழைய டைப்ரைட்டர் முறை மூன்றும் கிடைக்கும். யூனிகோடில் எழுதிய கோப்புகள் லிப்ரே ஆபீஸ் என்ற இலவச ஆபீஸ் மென்பொருளில் திறக்கும். பக்க அமைப்பு மட்டும் அங்கங்கே நகரலாம். யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கட்டுரைகளுக்கு அந்த எழுத்துருக் கோப்பையும் கொண்டுவந்து நிறுவுங்கள். இல்லாவிட்டால் திறந்ததும் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கிறுக்கியதுபோலத் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று பதறி அழித்துவிடாதீர்கள். நேரம் கிடைக்கும்போது ஒவ்வொன்றாக யூனிகோடுக்கு மாற்றி வையுங்கள்.

கேள்வி: தேவகோட்டையில் சிறிய ஜவுளிக்கடை நடத்துகிறேன். கணக்கெல்லாம் டேலியில், ஜிஎஸ்டியும் நானே தாக்கல் செய்கிறேன். கடைக் கம்ப்யூட்டரை லினக்ஸுக்கு மாற்றினால் மிச்சமாகுமா?

பதில்: வேண்டாம், அம்மா. டேலி லினக்ஸுக்கென்று வருவதில்லை. குறுக்கு வழிகளில் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் ஐந்தொகை முடிக்கும் மார்ச் மாதத்தில் அது மக்கர் செய்தால் யாரிடம் போவீர்கள்? ஜிஎஸ்டி தளம் பிரவுசரில் ஓடுவது, அதற்கு லினக்ஸ் போதும். தனிநபர் நிறுவனம் என்றால் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன்கூட இல்லாமல் போனுக்கு வரும் ஓடிபியை வைத்தே தாக்கல் செய்யலாம். டேலி ஒன்றுதான் தடை. கடையில் விண்டோஸ் இருக்கட்டும். வீட்டில் பிள்ளைகள் படிக்கும் கம்ப்யூட்டரில் லினக்ஸ் போடுங்கள். திருட்டு விண்டோஸை மட்டும் கடையில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: அரசு கொடுத்த பழைய இலவச லேப்டாப் ஒன்று கானாடுகாத்தானில் எங்கள் வீட்டில் சும்மா கிடக்கிறது. அதிலும் ஏதோ லினக்ஸ் இருந்ததாக அக்கா சொல்கிறாள். தேறுமா?

பதில்: அக்கா சொல்வது சரி. 2011-இல் அந்தத் திட்டம் தொடங்கியபோது வந்த லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாக வைத்து உருவாக்கியது அது. பெரும்பாலானவர்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை. ராம் 2 ஜிபி என்றால் மின்ட்டைவிட எடை குறைந்த லுபுண்டு போன்றதைப் போட்டுப் பாருங்கள். எழுதவும் படிக்கவும் தேறும், யூடியூபுக்குத் திணறும். பேட்டரி உப்பியிருந்தால் முதலில் அதைக் கழற்றிவிட்டு மறுவேலை.

கேள்வி: கம்ப்யூட்டரை ஒரு கடையில் லினக்ஸ் போடக் கொடுத்தேன். 'லினக்ஸ் லைசென்ஸ்' 1,500 ரூபாய், கூலி 700 ரூபாய் வாங்கினார்கள். பில் கிடையாது. வீட்டுக்கு வந்து பார்த்தால் டிஸ்கில் இருந்த பத்து வருஷப் போட்டோ எதுவும் இல்லை. இலவசம் என்கிறார்களே, இது மோசடிதானே?

பதில்: இரண்டையும் பிரித்துப் பாருங்கள். கூலி வாங்கியது தப்பில்லை. லினக்ஸை எழுதிய பென்டிரைவை விலைக்கு விற்றால்கூட அதன் உரிம விதிகள் தடுப்பதில்லை. ஆனால் மின்ட், உபுண்டு போன்றவற்றை வீட்டில் பயன்படுத்த லைசென்ஸ் கட்டணம் என்று ஒன்று கிடையவே கிடையாது. அந்த 1,500-ஐத் திருப்பிக் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் சரி, பணம் கொடுத்த ஜிபே பதிவையும் பத்திரப்படுத்துங்கள். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியாவிட்டால் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையம்: கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும்.

போட்டோதான் அவசரம். அந்தக் கம்ப்யூட்டரை இப்போதே அணைத்துவிடுங்கள். ஒவ்வொரு முறை போடும்போதும் புதிதாக எழுதப்படுவது பழைய படத்தின் மேல் உட்காரும். பழைய சுழலும் டிஸ்க் என்றால், அதைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டி ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளால் தேடினால் கணிசமாக மீளலாம். எஸ்எஸ்டி என்றால் வாய்ப்பு மிகக் குறைவு.

கடைக்காரரை மட்டும் குறை சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. நானே ஒருமுறை பென்டிரைவில் மின்ட் எழுதுகிறேன் என்று உட்கார்ந்து, பக்கத்தில் செருகியிருந்த வெளி ஹார்டு டிஸ்கைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். திரையில் இரண்டும் எஸ்டிபி, எஸ்டிசி என்று ஒரே மாதிரி தெரிந்தன. 16 ஜிபி என்று காட்டுகிறதா, 1 டிபி என்று காட்டுகிறதா என்று அளவைப் பார்த்திருந்தால் போதும். தங்கை கல்யாணத்துப் படங்களும் சாமான் பட்டியலும் போயின. மொய்க் கணக்கு மட்டும் பிழைத்தது, அப்பா அதை நோட்டில் எழுதி வைத்திருந்தார்.

அடுத்த முறை கடையில் கொடுக்கும்போது, "டேட்டா அழிக்கக் கூடாது" என்று ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எழுத மாட்டோம் என்றால் டிஸ்கைக் கழற்றிக்கொண்டு பெட்டியை மட்டும் கொடுங்கள். பெரும்பாலும் பக்கவாட்டு மூடிக்கு இரண்டு திருகு, டிஸ்கைப் பிடித்திருப்பவை நாலு. ஒரு ஸ்குரூ டிரைவர் போதும்.