ஓஃப்-ரோட் தடம் அமைக்க அரச பணம் கிடைக்குமா? காணி யாரிடம் கேட்பது?

கேள்வி: வடமராட்சியில் மோட்டார் சைக்கிள் ஆர்வலர்களாக நாங்கள் 22 பேர் இருக்கிறோம்; எங்களிடம் மூன்று குவாட் பைக்குகளும் (நான்கு சில்லு மோட்டார் சைக்கிள்கள்) உண்டு. இதுவரை மணற்காட்டு மணல் மேடுகளில் ஓடிவந்தோம்; இப்போது ஊரவர்களும் வன அதிகாரிகளும் தடுத்துவிட்டார்கள். அமெரிக்காவில் வீதிக்கு வெளியே இவ்வாறு ஓடுவதற்கான (ஓஃப்-ரோட்) தடங்களுக்கு அரசாங்கமே பணம் கொடுப்பதாக அங்குள்ள உறவினர் ஒருவர் சொல்கிறார். இங்கே அரச நிதி பெற வழியுண்டா? அரச காணி தருவார்களா? இல்லாவிடின் தனியார் காணியில் அமைக்கலாமா? குவாட் பைக்குகளைத் தடம் வரை வீதியால் ஓட்டிச் செல்லலாமா? (வாசகர், நெல்லியடி)

பதில்: நீங்கள் பணத்தில் தொடங்கிக் காணியில் முடித்திருக்கிறீர்கள். நான் காணியிலிருந்து தொடங்க விரும்புகிறேன். எந்த அலுவலகத்துக்குப் போனாலும் உங்களிடம் முதலில் கேட்கப்படப்போவது திட்டச் செலவு அன்று. எந்தக் காணி, யாருடைய காணி, அதற்கு என்ன ஆதாரம் என்பதே. இதற்கு விடையில்லாத விண்ணப்பம் முதல் மேசையைத் தாண்டாது.

ஆனாலும் உங்கள் உறவினர் சொன்னதை முதலில் தெளிவுபடுத்திவிடுகிறேன், ஏனெனில் அதில் பாதி உண்மை இருக்கிறது. அமெரிக்காவில் பொழுதுபோக்குத் தடங்களுக்கான கூட்டாட்சி நிதித் திட்டம் ஒன்று 1991ஆம் ஆண்டுச் சட்டத்தில் வேர்கொண்டது. அதன் பணம், வீதிக்கு வெளியே ஓடும் வாகனங்களின் எரிபொருளுக்கு அவற்றின் உரிமையாளர்கள் செலுத்திய வரியைக் கணக்கில் கொண்டு ஒதுக்கப்படுவது. மாநிலத்துக்குக் கிடைக்கும் பங்கில் 30 வீதம் மோட்டார் வாகனத் தடங்களுக்கும், 30 வீதம் நடை, குதிரை, சைக்கிள் போன்ற மோட்டாரற்ற தடங்களுக்கும், 40 வீதம் பலவகைப் பயனாளரும் சேர்ந்து பயன்படுத்தும் தடங்களுக்கும் செல்ல வேண்டும். கலிபோர்னியாவோ 1971இலேயே தனிச் சட்டம் இயற்றி, இவ்வாகனங்களைப் பதிவு செய்து, அக்கட்டணத்தையும் எரிபொருள் வரியின் ஒரு பகுதியையும் தடங்களுக்கே திருப்பிவிட்டது. ஆகவே அங்கே அரசாங்கம் கொடுப்பதாகத் தெரிவது பெரும்பாலும் ஓட்டுபவர்களின் சொந்தப் பணமே. அரசு அதைத் திரட்டிக் கணக்குடன் திருப்பிக் கொடுக்கிறது. இலங்கையில் நீங்கள் பெற்றோலுக்குச் செலுத்தும் வரியில் ஒரு சதமேனும் இவ்வாறான தடத்துக்கென்று ஒதுங்கி நிற்பதில்லை. அந்த நாட்டிலும் பணம் இருக்கிறது என்பதற்காக எங்கும் ஓடிவிட முடியாது: 1972இல் ஜனாதிபதி நிக்சன் பிறப்பித்த ஆணை, கூட்டாட்சிக் காணிகளில் இவ்வாகனங்கள் ஓடக்கூடிய இடத்தையும் ஓடக்கூடாத இடத்தையும் வரையறுக்கச் சொன்னது, 2005இன் விதிப்படி தேசிய வனங்களில் வரைபடத்தில் குறிக்கப்பட்ட தடங்களிலும் பகுதிகளிலும் மட்டுமே ஓட்டலாம்.

இனி மணற்காடு. அதை மறந்துவிடுங்கள் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது, காரணங்களையும் சொல்லிவிடுகிறேன். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டத்தின்படி, சராசரி உயர்நீர்க் கோட்டிலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றர் வரை கரையோர வலயமாகும். அதற்குள் எந்த அபிவிருத்திச் செயலுக்கும் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். அதற்கு அப்பால் சவுக்கங்காடு வந்துவிடுகிறது. வன அதிகாரிகள் உங்களைத் தடுத்தது தங்கள் கடமையின் பாற்பட்டதே. சட்டத்தை ஒருபுறம் வைத்துவிட்டுப் பார்த்தாலும், மணல் மேட்டைப் பிடித்து வைத்திருப்பது அதன்மேல் படர்ந்த அடம்பனும் புல்லும்தான். சில்லு ஓடி அவை அறுந்த இடத்தில், சோளகம் (தென்மேற்குக் காற்று), வாடை (வடகிழக்குக் காற்று) இரண்டுமே மணலை அள்ளிப் போகும். அங்கே மணலில் புதைந்து கிடக்கும் பழைய அந்தோனியார் தேவாலயத்தைப் பார்த்தவர்களுக்கு நகரும் மணல் என்ன செய்யும் என்று விளக்கத் தேவையில்லை. 2004 டிசம்பர் 26ஆம் திகதியின் ஆழிப்பேரலையில் உறவுகளை இழந்த கரையோர மக்கள், அந்த மேடுகள் மீது இயந்திரம் ஓடுவதைக் கண்டு சினப்பதை நியாயமற்றது என்று என்னால் சொல்ல முடியாது.

மேலும் தெற்கே போய்ச் சுண்டிக்குளம் பக்கமாகத் தேடலாம் என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். சுண்டிக்குளம் 2015இல் தேசிய பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. தாவர, விலங்கினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பூங்காவுக்குள் மட்டுமன்றி, அதன் எல்லையிலிருந்து ஒரு மைல் தூரத்துக்குள்ளும் வனஜீவராசிகள் பணிப்பாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதியின்றி அபிவிருத்தி வேலை எதுவும் செய்ய இயலாது.

வேறு அரச காணி கிடைக்குமா என்றால், சட்டப்படி வழி இருக்கிறது. நடைமுறையில் அது நெடும்பயணம். 1947ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க அரச காணிகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் ஆண்டு அனுமதிப்பத்திரமோ நீண்டகாலக் குத்தகையோ கோரலாம். விண்ணப்பம் பிரதேச செயலாளரிடம் தொடங்கி, கிராம அலுவலரின் அறிக்கை, நில அளவை, பிற திணைக்களங்களின் ஆட்சேபனையின்மை, மாகாணக் காணி ஆணையாளர் என்று மேலேறும். காணியற்ற குடும்பங்கள் காணிக் கச்சேரிக்கு (அரச காணி பெறுவோரைத் தெரிவு செய்யும் விசாரணைக்கு) காத்திருக்கும் ஒரு பிரதேசத்தில், 22 இளைஞர்களின் ஓட்டத்துக்குப் பத்து ஏக்கர் கேட்கும் கோப்பு எந்த இடத்தில் வைக்கப்படும் என்பதை நீங்களே ஊகிக்கலாம். வடமராட்சி கிழக்கின் தென்பகுதியிலும் பச்சிலைப்பள்ளியிலும் தேடுபவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: கிளாலி, முகமாலை, நாகர்கோவில் என்று போர் முன்னரங்கு நீண்டு கிடந்த நிலம் அது. ஊரார் மாடு மேய்க்கிறார்கள் என்பது கண்ணிவெடி இல்லை என்பதற்குச் சான்றாகாது. கண்ணிவெடி அகற்றலை ஒருங்கிணைக்கும் அதிகாரிகளிடமிருந்து அந்தக் காணித்துண்டு விடுவிக்கப்பட்டது என்ற எழுத்து கையில் வரும்வரை, அங்கே ஒரு சில்லுகூட இறங்கக் கூடாது.

அரச நிதி விடயத்தில் ஒரு முடிச்சு இருக்கிறது. தனியார் காணியில் நிலையான கட்டுமானத்துக்குப் பொதுப் பணத்தைச் செலவிட எந்தப் பொறுப்புள்ள அதிகாரியும் கையொப்பமிடமாட்டார். கணக்காய்வில் அதற்கு விடை சொல்ல முடியாது. அரச காணியோ எளிதில் வராது. இரண்டுக்கும் நடுவே ஒரேயொரு வழி தெரிகிறது: பிரதேச சபைக்கு உரித்தான, வேறு பயனற்றுக் கிடக்கும் காணி. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் பிரதேச சபை தன் காணியைத் தானே வைத்துக்கொண்டு, சபைத் தீர்மானத்துடன் உங்கள் கழகத்துக்குப் பயன்படுத்தும் உரிமையை உடன்படிக்கையாகத் தரலாம். அந்நிலையில் வேலி, வடிகால், மலசலகூடம் போன்றவை சபையின் ஆதனமாகவே அமைவதால் பொது நிதிக்கு இடமுண்டு. 2025 மே மாதத் தேர்தலுக்குப் பின் தெரிவு செய்யப்பட்ட உறுப்பினர்கள் சபைகளில் இருப்பதால், உங்கள் வட்டார உறுப்பினரூடாக இதனைப் பிரேரணையாகக் கொண்டுவர முயலலாம். மாகாண சபை மட்டத்தில் அவ்வாறு பேச ஆளில்லை; வடக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தபின் ஆளுநரின் கீழ்தான் நிருவாகம் நடக்கிறது.

எதற்கும் முன்பாகக் கழகத்தைப் பிரதேச செயலகத்தின் விளையாட்டு உத்தியோகத்தர் மூலம் பதிவு செய்து, யாப்பு, வங்கிக் கணக்கு, கூட்டக் குறிப்பேடு ஆகியவற்றை ஒழுங்காக்கிக்கொள்ளுங்கள். பதிவு பெற்ற கழகத்துக்கு முதலுதவிப் பயிற்சி, பாதுகாப்பு உபகரணம் போன்ற சிறு உதவிகளைக் கேட்க முடியும். அதற்கு மேல் நான் நம்பிக்கை ஊட்டமாட்டேன்.

எனவே உங்களுக்கு உண்மையில் திறந்திருக்கும் கதவு தனியார் காணியே. இதற்கு அமெரிக்காவிலிருந்தே ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. உங்கள் உறவினர் சொன்ன நிதித் திட்டத்தைவிட இதுவே நமக்குப் பொருந்தும். மேற்கு வேர்ஜீனியாவில் ஹற்பீல்ட்-மக்கோய் எனும் தடத்தொகுதி 2000இல் திறக்கப்பட்டது. ஓடும் நிலத்தில் பெரும்பகுதி நிலக்கரி, மரக் கம்பனிகள் போன்ற தனியாருடையது. 1996இல் மாநிலச் சட்டமன்றம் உருவாக்கிய அதிகார சபையொன்று அந்த உரிமையாளர்களிடம் பயன்படுத்தும் அனுமதி பெற்று, விபத்துக்கான பொறுப்புக் காப்புறுதியைத் தானே ஏற்று, ஓட்டுபவர்களுக்கு அனுமதிச் சீட்டு விற்கிறது. உரிமையாளர் காணியை இழப்பதில்லை. வழக்குப் பயமும் அவரை விட்டு நீங்குகிறது. அந்த இரண்டாவது பயத்தைத் தீர்த்ததில்தான் திட்டத்தின் வெற்றி இருக்கிறது.

யாழ்ப்பாணத்தில் உரிமையாளரின் முதற் பயம் வேறு. பற்றைபிடித்துக் கிடக்கும் பெரும் பனங்காணிகளுக்குச் சொந்தக்காரர் பலர் கனடாவிலும் இலண்டனிலும் இருக்கிறார்கள். தங்கள் காணியில் இன்னொருவர் பத்து ஆண்டு இருந்துவிட்டால் ஆட்சியுரிமை கோரிவிடுவார் என்ற அச்சம் அவர்களுக்கு உண்டு. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலாவதிக் கட்டளைச் சட்டம் அந்த அச்சத்துக்கு அடிப்படையாக இருப்பதும், போரினால் காணியைப் பார்க்க முடியாதிருந்தவர்களுக்காக 2016இல் விசேட ஏற்பாட்டுச் சட்டம் வர நேர்ந்ததும் உண்மை. ஆனால் உரிமையாளரின் அனுமதியோடு இருப்பவர் எதிரிடையாக ஆட்சி செய்பவராகக் கருதப்படமாட்டார். ஆகவே “உரிமையாளரின் அனுமதியின் பேரில் மட்டும், தனி உடைமையின்றிப் பயன்படுத்துகிறோம், ஆட்சியுரிமை எதனையும் கோரமாட்டோம்” என்ற வாசகத்தை உடன்படிக்கையின் முதற் பந்தியிலேயே எழுதிக் கொடுத்தால், பாதிப் பேச்சு முடிந்துவிடும். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டும் என்பது 1840இலிருந்து உள்ள சட்டம். வாய்ச்சொல்லையும் வட்சப் செய்தியையும் நம்பிப் புல்டோசர் பிடிக்காதீர்கள்.

காணி உறுதிப் பத்திரத்தை வாசிக்கத் தெரிந்த ஒருவரை உடன் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் காணிகளில் பிரிபடாத பங்குகள் மிக அதிகம். அண்ணன் சம்மதித்துவிட்டார், தங்கை ஒஸ்லோவில் இருக்கிறார் என்றால், தங்கையின் கையொப்பமோ அவருடைய பதிவு செய்யப்பட்ட அற்றோணித் தத்துவமோ இல்லாமல் அந்த உடன்படிக்கை அரைகுறையே. யாழ்ப்பாணத் தமிழரின் மரபுச் சட்டமான தேசவழமை ஆளும் மணமான பெண் உரிமையாளராயின், கணவரின் எழுத்துமூலச் சம்மதமும் வேண்டுமா என்று நொத்தாரிசிடம் கேட்டுவிடுங்கள். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வெளிநாட்டுச் சொந்தக்காரர் பலர் ஊரில் நிற்பார்கள். தொலைபேசியில் ஆறு மாதம் இழுபடும் பேச்சு, நேரில் வேலியோரம் நின்று பேசும்போது ஒரு பின்னேரத்தில் முடிவதை நான் கண்டிருக்கிறேன்.

காணி தெரிவு செய்யும்போது, ஏற்கெனவே மணலோ கல்லோ அகழ்ந்து சிதைந்துபோன நிலத்தை முதலில் பாருங்கள். அங்கே ஏற்றமும் இறக்கமும் ஆயத்தமாக இருக்கும். கெடுவதற்குப் பெரிதாக எதுவும் மிஞ்சியிராது. ஆனால் குழியில் நீர் தெரியும் சுண்ணக்கல் கிடங்கு வேண்டாம். குடாநாட்டின் குடிநீர் அந்தக் கல்லுக்குள்தான் இருக்கிறது. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரத்துக்குப் பின் எண்ணெய் என்ற சொல்லுக்கே மக்கள் அஞ்சுகிறார்கள். எண்ணெய் மாற்றுவதையும் எரிபொருள் நிரப்புவதையும் கொங்கிரீட் தளத்தில் மட்டும் செய்வதாக எழுதிக் கொடுங்கள். பனையைத் தறிக்க வேண்டிய தடத்தை வரையாதீர்கள். அதற்கும் தனி அனுமதி வேண்டும், அதைவிட ஊரின் மனத்தாங்கல் பெரிது. சோளகக் காற்றில் புழுதி போய் விழும் பக்கத்தில் வெங்காயத் தோட்டமோ புகையிலையோ இருக்கக் கூடாது. ஒலிக்கு 1996ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் இருக்கின்றன. எனினும் பள்ளிக்கூடம், கோவில், ஆஸ்பத்திரி ஆகியவற்றிலிருந்து விலகி நிற்பதும், சைலன்ஸரைக் கழற்றிய வண்டியை உள்ளே விடாதிருப்பதும் எந்த விதியையும்விடப் பயன்தரும். ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான மழையில் தடத்தை மூடிவிடுங்கள்.

காப்புறுதியை இறுதியில் பார்க்கும் செலவாக எண்ண வேண்டாம். 2024 ஏப்ரல் 21ஆம் திகதி தியத்தலாவையில் நடந்த பொக்ஸ் ஹில் ஓட்டப் போட்டியில் கார் ஒன்று தடத்தை விட்டு விலகிப் பார்வையாளர்மீது பாய்ந்து ஏழு பேர் இறந்தார்கள். அது இராணுவப் பயிற்சிக் கல்லூரி நடத்திய போட்டி. உங்களிடம் அவ்வளவு ஆளணியும் இல்லை. அமெரிக்க மாநிலங்களில் பொழுதுபோக்குக்காகக் காணியைத் திறந்துவிடும் உரிமையாளரின் பொறுப்பைக் குறைக்கும் சட்டங்கள் உள்ளன. இங்கே அவ்வாறான கவசமின்றி, கவனயீனத்துக்கான வழக்கு உரிமையாளர் மீதும் கழகத்தின் மீதும் வரக்கூடும். வீதிக்கான மூன்றாந்தரப்புக் காப்புறுதி இதற்குப் போதாது. பொதுப் பொறுப்புக் காப்புறுதியை, காணி உரிமையாளரின் பெயரையும் சேர்த்து எடுங்கள். முதல் ஓராண்டுக்குப் போட்டியும் பார்வையாளரும் வேண்டாம்.

பணத்தைச் சிறிதாகக் கணக்குப் பாருங்கள். 22 பேரும் மாதம் 2,000 ரூபாய் போட்டால் ஆண்டுக்கு 5,28,000 ரூபாய் சேரும். அதில் முதலில் குத்தகை, அடுத்துக் காப்புறுதி, பிறகு வேலி, மிஞ்சினால் மண்வேலை என்று வரிசை வையுங்கள். ஓராண்டுக் கணக்கறிக்கையும், விபத்தின்றி நடந்த பதிவேடும், அயலவரின் ஆட்சேபனையில்லாக் கடிதமும் கையில் இருந்தால், பிரதேச சபையிடம் காணி கேட்கப் போகும்போது உங்கள் பேச்சுக்கு எடை இருக்கும்.

குவாட் பைக்கைப் பற்றிய கடைசிக் கேள்விக்கு விடை சுருக்கமானது. மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் பதிவும் வருமான அனுமதிப்பத்திரமும் காப்புறுதியும் இல்லாத எந்த வாகனமும் வீதியில் ஓட முடியாது, அது நூறு யார் தூரமாக இருந்தாலும் சரி. இலக்கத் தகடு கழற்றிய மோட்டார் சைக்கிளுக்கும் இதுவே. மூன்று குவாட்டையும் ஒரு சிறிய லொறியில், அல்லது தடம் அருகிலாயின் ஒவ்வொன்றாக லாண்ட்மாஸ்டர் (இரு சில்லு உழவு இயந்திரம்) பெட்டியில் ஏற்றிக் கயிறு போட்டு இறுக்கிக் கொண்டு செல்லுங்கள். ஏற்றி இறக்கப் பலகை இரண்டு போதும்.