வாசகர் கேள்வி – பதில்: காசு கொடுத்தும் நமதாகாத பிரதிகள்

கேள்வி: அச்சு நூலைப் படித்து முடித்ததும் நண்பரிடம் கொடுக்கிறேன், சில நேரம் பழைய புத்தகமாக விற்றும் விடுகிறேன். அதே நூலை மின்னூலாகக் காசு கொடுத்து வாங்கினால் இரண்டுக்கும் வழியில்லை. இது என்ன நியாயம்?

பதில்: அச்சு நூலை வாங்கும்போது அந்தப் பிரதி உங்கள் சொத்தாகிவிடுகிறது, எழுத்தின் மீதான உரிமை மட்டும் ஆசிரியரிடமோ பதிப்பாளரிடமோ தங்குகிறது. இந்தப் பிரிவினை ஒரு வழக்கில் தெளிவாயிற்று. அமெரிக்கப் பதிப்பகம் ஒன்று, தன் நாவலை 1 டாலருக்குக் குறைவாக விற்பது பதிப்புரிமை மீறல் என்று நூலுக்குள்ளேயே அச்சிட்டிருந்தது. ஒரு பெரிய அங்காடி அதைப் பொருட்படுத்தாமல் 89 சென்ட்டுக்கு விற்றது. ஒரு பிரதியை முதன்முறை விற்றதோடு அதன் அடுத்தடுத்த கைமாற்றத்தைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் பதிப்பாளருக்கு இல்லை என்று 1908இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பழைய புத்தகக் கடைகள் இயங்குவதற்கான சட்ட அடிப்படை இத்தகைய கோட்பாடுதான்.

மின்னூலில் இது உடைந்துபோவதற்குக் காரணம், கணினியில் ‘கொடுப்பது’ என்றொரு செயல் தனியாக இல்லை என்பதே. உங்கள் கோப்பு நண்பரின் கருவியில் தோன்ற வேண்டுமானால் அங்கே புதிதாக ஒரு நகல் உருவாகியே தீர வேண்டும். நகலெடுப்பதோ உரிமையாளருக்கென்று சட்டம் ஒதுக்கிவைத்த செயல். போதாக்குறைக்கு, விற்பனையாளர் உங்களுக்குத் தருவது நூலை அல்ல, படிப்பதற்கான உரிமத்தை மட்டுமே என்பது நாம் யாரும் படிக்காமல் ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று அழுத்திவிடும் விதிமுறைகளில் எழுதப்பட்டிருக்கிறது. மின்னூலை மறுவிற்பனை செய்ய உரிமையாளரின் அனுமதி வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றமும் 2019இல் கூறிவிட்டது. மின்பிரதி பயன்பாட்டால் தேய்வதில்லை, ஆகவே பழைய பிரதி புதிய பிரதியின் இடத்தை அப்படியே பிடித்துக்கொள்ளும் என்பது அது சொன்ன காரணங்களுள் ஒன்று.

வாதம் சரியாகவே இருக்கட்டும், விளைவைப் பாருங்கள். 2009 ஜூலையில் அமேசான் நிறுவனம், ஜார்ஜ் ஆர்வெலின் ‘1984’, ‘விலங்குப் பண்ணை’ ஆகிய நாவல்களின் சில பதிப்புகளை வாசகர்களின் கிண்டில் கருவிகளிலிருந்து தொலைவிலிருந்தபடியே நீக்கியது. அவற்றை விற்பனைக்கு வைத்தவரிடம் முறையான உரிமை இருக்கவில்லை. பணம் திருப்பித் தரப்பட்டது உண்மைதான். ஆனால் நூலோடு இணைத்துக் குறிப்பு எழுதி வைத்திருந்த மாணவர் ஒருவருக்கு அக்குறிப்புகள் பயனற்றுப் போயின. நிறுவனம் பின்னர் மன்னிப்பும் கேட்டது. அச்சு நூலில் இதே தவறு நேர்ந்திருந்தால் பதிப்பகத்தார் வீடு புகுந்து அலமாரியைத் திறந்திருக்க முடியாது. என் கருத்தில், உரிமம் மட்டுமே தருகிறவர் பொத்தானில் ‘வாங்கு’ என்று எழுதுவது நேர்மையன்று. கலிஃபோர்னியா மாநிலத்தில் 2025 முதல், தருவது உரிமம் மட்டுமே என்பதைத் தெளிவாக அறிவிக்காமல் அப்படி எழுதக்கூடாது என்று சட்டம் வந்திருக்கிறது.

கேள்வி: அனுமதியில்லாமல் பதிவிறக்கம் செய்வது திருட்டா, இல்லையா? ஒரே வரியில் சொல்லுங்கள்.

பதில்: திருட்டன்று, ஆயினும் சட்ட மீறல்தான். ஒரு வரி போதாது என்பதால் இன்னும் சிறிது சொல்கிறேன். எல்விஸ் பிரெஸ்லியின் பாடல்களை அனுமதியின்றி இசைத்தட்டாக்கி விற்றவர்மீது, திருட்டுப் பொருளை மாநிலம் கடந்து கடத்தியதாகவும் அமெரிக்க அரசு குற்றம் சாட்டியபோது, பதிப்புரிமை மீறலைத் திருட்டோடு எளிதாகச் சமன்படுத்த முடியாது என்று 1985இல் உச்ச நீதிமன்றம் அக்குற்றச்சாட்டை ஏற்க மறுத்தது. பதிப்புரிமையை மீறிய குற்றம் அவர்மீது அப்படியே நின்றது. பதிவிறக்கம் ஒவ்வொன்றையும் இழந்த ஒரு விற்பனையாகக் கணக்குக் காட்டும் நிறுவனங்களும் மிகைப்படுத்துகின்றன. யாருக்கும் நட்டமில்லை என்று சொல்லும் பயனர்களும் தங்களுக்கு வசதியான கணக்கையே போடுகிறார்கள்.

கேள்வி: டோரன்ட் மூலம் ஒரு படத்தை இறக்கிப் பார்த்தேன். யாருக்கும் அனுப்பவில்லை. நான் பகிர்ந்ததாகக் கருத முடியுமா?

பதில்: முடியும், நீங்கள் அறியாமலேயே பகிர்ந்திருப்பீர்கள். 1999இல் தொடங்கிய நாப்ஸ்டர் என்ற பாடல் பகிர்வுச் சேவையில் யாரிடம் எந்தப் பாடல் இருக்கிறது என்ற பட்டியல் ஒரே இடத்தில் இருந்தது. ஆகவே நீதிமன்றம் அந்த ஓரிடத்தைப் பிடித்ததும் 2001இல் சேவை முடங்கியது. அதே ஆண்டு வெளிவந்த பிட்டோரன்ட் முறையில் கோப்பு சிறு துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் சரிபார்ப்பதற்கென ஓர் அடையாள எண் தரப்படுகிறது. ஒரு துண்டு உங்களிடம் வந்து எண்ணோடு ஒத்துப்போனவுடனேயே, மீதிப் படம் வந்து சேரும் முன்பே, உங்கள் மென்பொருள் அத்துண்டைப் பிறருக்கு அனுப்பத் தொடங்கிவிடும். அதிலும் அதே கோப்பைப் பகிரும் கணினிகளின் கூட்டத்தில் அரிதாக உள்ள துண்டையே முதலில் தேடி எடுப்பது வழக்கம். வாங்குபவர் எல்லோரும் வழங்குபவராகவும் இருப்பதால்தான் இம்முறை வேகமாக இயங்குகிறது. பல நாடுகளில் வழக்குகள் பதிவிறக்கியதற்காக அல்லாமல், வழங்கியதற்காகத் தொடுக்கப்படுவதும் இதனால்தான். உங்கள் இணைய இணைப்பை அடையாளம் காட்டும் ஐ.பி. முகவரி அக்கூட்டத்தில் உள்ள அனைவருக்கும் தெரியும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: காணொளியின் கீழே ‘உரிமை அனைத்தும் உரியவருக்கே’ என்று எழுதிவிட்டால் போதுமா?

பதில்: போதாது. நன்றி சொல்வதும் அனுமதி பெறுவதும் வேறு வேறு. பிறருடைய பொருள் என்று தெரிந்தே பயன்படுத்தியதற்கு நீங்களே எழுதிக் கொடுத்த வாக்குமூலமாகத்தான் அந்த வரி அமையும். பெயர் குறிப்பிட்டாலே பயன்படுத்தலாம் என்று படைப்பாளரே முன்கூட்டி அறிவித்த படைப்புகள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களின்கீழ் ஏராளமாக உள்ளன. அங்கே தேடுங்கள்.

கேள்வி: அழிந்துபோகவிருந்த படங்களும் நிகழ்ச்சிகளும் அனுமதியற்ற நகல்களால்தானே பிழைத்தன? அப்படியிருக்க இணையத் திருட்டைப் பண்பாட்டுச் சேவை என்று ஏன் சொல்லக்கூடாது?

பதில்: முதல் பாதி உண்மை, அதை மறைக்க வேண்டியதில்லை. 1922இல் வெளிவந்த ஜெர்மானிய மௌனப் படமான ‘நோஸ்ஃபெராட்டு’, ‘டிராகுலா’ நாவலை அனுமதியின்றித் தழுவியது. நாவலாசிரியரின் மனைவி வழக்குத் தொடுத்து வென்றார். படத்தின் பிரதிகளையெல்லாம் அழிக்குமாறு 1925இல் நீதிமன்றம் ஆணையிட்டது. ஆணைக்குத் தப்பிய பிரதிகளால்தான் இன்று திரைப்பட வரலாற்றில் அதற்கு ஓர் இடம் இருக்கிறது. பிபிசி தன் ‘டாக்டர் ஹூ’ தொலைக்காட்சித் தொடரின் பழைய பகுதிகள் பலவற்றை அழித்துவிட்டபின், ஒளிபரப்பாகும்போதே வீட்டில் ரசிகர்கள் பதிவு செய்து வைத்திருந்த ஒலிநாடாக்கள் வழியாகத்தான் காணாமல்போன பகுதிகள் அனைத்தின் ஒலியும் மிஞ்சியது. உரிமையாளர் குப்பை என்று கருதியதை, உரிமையில்லாதவர் பத்திரப்படுத்தியிருக்கிறார்.

சட்டத்தின் போக்கும் இந்த முரணுக்கு ஒரு காரணம். 1710இல் இங்கிலாந்தில் வந்த சட்டம் புதிய நூலுக்கு 14 ஆண்டுகளும், ஆசிரியர் உயிரோடிருந்தால் மேலும் 14 ஆண்டுகளும் மட்டுமே பாதுகாப்பு அளித்தது. இன்று பதிப்புரிமைக்கான பன்னாட்டு உடன்படிக்கையான பெர்ன் உடன்படிக்கையின் பொதுவான குறைந்தபட்சமே ஆசிரியர் மறைந்து 50 ஆண்டுகள். இந்தியாவில் அது 60, ஐரோப்பிய ஒன்றியத்தில் 70. இவ்வளவு நீண்ட காலத்தில் பதிப்பகம் மூடப்படும், வாரிசுகள் சிதறுவார்கள், அனுமதி கேட்க யாரும் இருக்கமாட்டார்கள், நூலும் விற்பனையில் இராது. அத்தகைய படைப்புகளை நூலகங்களும் ஆவணக் காப்பகங்களும் தயக்கமின்றி மின்னாக்கம் செய்ய இடம் தரவேண்டும் என்பதே என் நிலைப்பாடு.

ஆனால் உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதி அதிலிருந்து தானாகப் பிறக்கவில்லை. வெளியான அன்றே இணையத்தில் கசியும் படத்துக்கு அழிவு அபாயம் எதுவுமில்லை. அதை வைத்திருக்கும் தளம் காப்பகமுமன்று, விளம்பரம் தின்று வாழும் வணிகம். விளம்பரம் நின்றால் மறுநாளே அது எல்லாவற்றையும் அழித்துவிடும்.

கேள்வி: நூறாண்டுகளுக்கு முன் மறைந்த ஒருவரின் இசைக்கோவையை நானே வாசித்து வலையேற்றினேன். பதிப்புரிமை மீறல் என்று யூடியூப் அறிவிப்பு அனுப்பியிருக்கிறது. என்ன செய்வது?

பதில்: இசையில் உரிமை அடுக்கடுக்காக இருக்கிறது: இயற்றியவருடையது ஒன்று, நிகழ்த்தியவருடையது ஒன்று, ஒலிப்பதிவு செய்தவருடையது ஒன்று. முதலாவது காலாவதியாகிவிட்டது, மற்ற இரண்டும் உங்களுடையவை. இயந்திரமோ உங்கள் ஒலியைத் தன் களஞ்சியத்திலுள்ள வேறொருவரின் பதிவோடு ஒப்பிட்டு, ஒரே இசைக்கோவை என்பதால் ஏமாந்திருக்கும். கணினியில் உருவாக்கிய, வெறும் இரைச்சல் மட்டுமே உள்ள 10 மணி நேரக் காணொளிக்கு ஐந்து உரிமைக் கோரல்கள் வந்த செய்தி 2018இல் வெளியாயிற்று. ஆகவே மனம் தளர வேண்டாம். அறிவிப்பிலேயே உள்ள மறுப்புப் படிவத்தில், இசைக்கோவையின் பெயர், இயற்றியவர் மறைந்த ஆண்டு, வாசித்ததும் பதிவு செய்ததும் நீங்களே என்ற செய்தி ஆகியவற்றை மட்டும் சுருக்கமாக எழுதுங்கள். கோரியவர் 30 நாட்களுக்குள் பதிலளிக்காவிட்டால் கோரல் தானாக விலகிவிடும். அதுவரை காணொளியை நீக்காதீர்கள். வெட்டித் திருத்தாத மூலப் பதிவையும் பத்திரமாக வைத்திருங்கள்.